திருகு முதல் நிலா வரை: வாசகர் கேள்விகள்

வாரம் ஒரு மடல் எழுதி வாசகர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த இதழின் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். என்னைப் பற்றி நானே எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. யாராவது கேட்டால் பதில் சொல்வேன் என்றேன். சரி என்று கேள்விகளை வாங்கி அனுப்பிவிட்டார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் பெயர்களை விட்டுவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: முதலில், நீங்கள் யார்? என்ன வேலை பார்க்கிறீர்கள்? படமும் போட மாட்டேன் என்கிறீர்களே?

ப: நான் கையேடு எழுதுகிறவன். ஒரு இயந்திரம் வாங்கினால் பெட்டியின் அடியில் சின்னப் புத்தகம் ஒன்று கிடக்குமே, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரிக்குள் போகுமே, அதுதான். தண்ணீர் பம்பு, எடைபோடும் கருவி, தையல் இயந்திரம் என்று பலவற்றுக்கு எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத புத்தகங்களை எழுதி வயிறு வளர்ப்பவன் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் பாதிதான் உண்மை. இயந்திரம் நின்றுபோனால் எல்லோரும் ஓடிப்போய்க் கடைசிப் பக்கத்தைத் திறப்பார்கள். கோளாறு, காரணம், தீர்வு என்று மூன்று பத்தியில் ஒரு அட்டவணை அங்கே இருக்கும். நான் எந்தக் கையேட்டையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுத ஆரம்பிப்பேன்.

இந்தத் தொழிலில் சில கறாரான விதிகள் உண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் சொல்லலாம். எச்சரிக்கை எப்போதும் வேலைக்கு முன்னால் வர வேண்டும். "மூடியைக் கழற்றிக் கம்பியைத் தொட்டுப் பார்க்கவும். அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" என்று எழுதிவிட்டால், இரண்டாவது வாக்கியத்தைப் படிக்க ஆள் இருக்க மாட்டார். என் மடல்களில் வாக்கியங்கள் குட்டையாக இருக்கின்றன என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். தொழில் பழக்கம், மாறாது.

ஐம்பதைத் தாண்டியாயிற்று. படம் போட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

கே: ஒரு வாரம் காகிதம், அடுத்த வாரம் நிலா, அப்புறம் சதுரங்கம், பிறகு பாறையில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒரு பூஞ்சை. உங்கள் மடல் உண்மையில் எதைப் பற்றியது சார்?

ப: நியாயமான கேள்வி. எனக்கே கொஞ்ச நாள் பிடிபடவில்லை. எழுதியவற்றை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே வாசகர் உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்க்கக்கூடியவையாக இருந்தன. ஒரு தாளை மடிக்கலாம். ஒரு பார்கோடின் எண்களைக் கூட்டலாம். நிலாவுக்கு நேரே சுண்டுவிரலை நீட்டலாம். கருந்துளை பற்றியும் நான் நிறையப் படிப்பேன், ஆசையாகவே படிப்பேன். ஆனால் எழுத மாட்டேன். "இப்போது நீங்கள் இதைச் செய்து பாருங்கள்" என்று சொல்ல அதில் எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. கையேட்டுக்காரனுக்கு அது இல்லாமல் கை ஓடாது.

கே: ஏ4 தாளைப் பற்றித் தொடர் மடல்களே எழுதிவிட்டீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் அப்படி என்ன இருக்கிறது? நான் நடுவில் சேர்ந்தவன், சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ப: சுருக்கமாகவா? முயற்சி செய்கிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர். இந்த 297 எங்கிருந்து வந்தது? முழு 300 என்று வைத்திருக்கலாமே? ஒரு தாளை எடுத்து நீளப் பக்கம் பாதியாகும்படி மடித்துப் பாருங்கள். கிடைக்கிற பாதித் தாளுக்கும் முழுத் தாளுக்கும் ஒரே சாயல்தான், அளவு மட்டும் சிறிது. அதையும் மடித்தால் மறுபடி அதே சாயல். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2-இன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 1.414 வந்தால் மட்டுமே இப்படி நடக்கும். வேறு எந்த விகிதத்துக்கும் இந்தக் குணம் கிடையாது. அமெரிக்காவில் பழக்கத்தில் இருக்கும் லெட்டர் தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். அதைப் பாதியாக மடித்தால் ஒல்லியாக வேறொரு வடிவம் வரும். அதை மறுபடி மடித்தால்தான் பழைய சாயல் திரும்பும்.

ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர் லிச்டன்பெர்க் 1786 அக்டோபரில் தன் நண்பர் பெக்மனுக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. தன்னிடம் இயற்கணிதம் படித்த ஓர் ஆங்கிலேய இளைஞருக்கு, எத்தனை முறை மடித்தாலும் சாயல் மாறாத தாளின் விகிதத்தைக் கண்டுபிடிக்கும்படி கணக்குக் கொடுத்திருக்கிறார். விடை கிடைத்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒரு சாதாரண எழுதுதாளை அந்த விகிதத்துக்கு வெட்டப் போயிருக்கிறார். பார்த்தால் அது ஏற்கெனவே அந்த விகிதத்தில்தான் இருந்தது! யாரோ ஒரு காகிதப் பட்டறைக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. எனக்கு லிச்டன்பெர்க்கைவிட அந்த ஆளைச் சந்திக்கத்தான் ஆசை.

பிறகு 1922-இல் வால்டர் போர்ஸ்ட்மன் இதை ஒழுங்குபடுத்தி, ஜெர்மனியின் தர அளவாக ஆக்கினார். அவர் செய்த நுட்பமான வேலை, எல்லாவற்றிலும் பெரிய தாளான ஏ0-வின் பரப்பைச் சரியாக ஒரு சதுர மீட்டர் என்று வைத்ததுதான். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. அப்படியானால் ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. தாள் கட்டின் மேல் '80 ஜிஎஸ்எம்' என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்று பொருள். எண்பதைப் பதினாறால் வகுத்தால் ஐந்து. ஆக, உங்கள் கையில் இருக்கும் ஒரு தாள் சரியாக ஐந்து கிராம். 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. தராசு இல்லாத இடத்தில் நான் தாளை வைத்துத்தான் எடை பார்க்கிறேன்.

ஜெராக்ஸ் இயந்திரத்தில் 71%, 141% என்று இரண்டு விசித்திர எண்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏ3-யை ஏ4-க்குள் சுருக்க 71, ஏ4-யை ஏ3-ஆகப் பெருக்க 141. அதே 1.414-தான் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் எதுவும் வெட்டுப்படாமல், வெள்ளை விழாமல் படி எடுக்க முடிவதற்குக் காரணம் அந்த மடிப்புக் கணக்கு.

சுருக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள். இதுதான் சுருக்கம்.

கே: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து என்ன ஐயா பயன்? ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்கியிருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பீர்களே! (ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்)

ப: ஐயா சொல்வது சரிதான். பெரிய ஆளாகவில்லை. இதய அறுவை செய்துகொள்பவர்கள் தயவுசெய்து ஒரே ஒரு காரியம் தெரிந்தவரிடமே போங்கள்.

ஆனால் 'கொஞ்சம்' என்பதற்கு நான் ஓர் அளவு வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் ஓர் உதாரணத்தையாவது புத்தகத்தைப் பார்க்காமல் நானே பென்சிலால் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை அதைப் பற்றி எழுதுவதில்லை. முடிந்த பிறகு அதற்கு மேல் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில விஷயங்களில் அந்த இடத்தை ஒரே மாலையில் அடைந்துவிடலாம். இசையில் சுருதி பிரிக்கும் கணக்கு என்னை ஆண்டுக்கணக்காக இழுத்தடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் அதைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

இன்னொன்று. பார்கோடை முதலில் யோசித்த ஜோசப் உட்லண்டுக்கு, சிறுவயதில் சாரணர் படையில் கற்ற மோர்ஸ் குறியீடு நினைவில் இருந்தது. கடற்கரையில் உட்கார்ந்து புள்ளியும் கோடுமாக மணலில் குத்திக்கொண்டிருந்தவர், விரல்களைத் தன் பக்கமாக இழுத்தார். புள்ளிகள் மெல்லிய கோடுகளாகவும் கோடுகள் தடித்த பட்டைகளாகவும் நீண்டன. பெர்னார்டு சில்வருடன் சேர்ந்து அவர் வாங்கிய காப்புரிமை 1952-இல் கிடைத்தது. கடையில் முதன்முதலாக ஒரு பொருள் அப்படிப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26. ஒரு சூயிங்கம் பொட்டலம். நடுவில் 22 ஆண்டுகள், லேசரும் மலிவான கணினியும் வந்து சேரும்வரை யோசனை காத்திருந்தது. மோர்ஸில் அவர் நிபுணர் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கே: பார்கோடு பற்றிய மடலில் "அந்த எண் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தீர்கள். புரியவில்லை.

ப: பக்கத்தில் ஏதாவது ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடுகளுக்குக் கீழே 13 இலக்கம் இருந்தால் நல்லது. இடமிருந்து முதல் இலக்கத்தை அப்படியே எடுங்கள், இரண்டாவதை மூன்றால் பெருக்குங்கள், மூன்றாவது அப்படியே, நான்காவது மூன்று மடங்கு. இப்படியே கடைசிவரை போய் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்தில் முடியும். முடியாவிட்டால் எண்ணை எங்கேயோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள். கடைசி இலக்கம் இந்தக் கூட்டலைச் சரிக்கட்டவே அங்கே வைக்கப்பட்டது. 2007-இலிருந்து புத்தகங்களின் பின்னட்டையில் வரும் 13 இலக்க எண்ணுக்கும் இதே கணக்கு.

ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தால் இந்தக் காவல்காரர் கட்டாயம் பிடித்துவிடுவார். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் பெரும்பாலும் பிடிப்பார். ஆனால் 1-உம் 6-உம் இடம் மாறினால் கோட்டை விட்டுவிடுவார். போட்டுப் பாருங்கள். 16 என்றால் 1-உம் 18-உம் சேர்ந்து 19. 61 என்றால் 6-உம் 3-உம் சேர்ந்து 9. வித்தியாசம் பத்து, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் மாறவே மாறாது. இரண்டுக்கும் ஐந்து வித்தியாசம் உள்ள எந்த ஜோடிக்கும் இதே கதைதான். 2-7, 3-8, 4-9, அப்புறம் 0-5. புத்தகங்களுக்கு முன்பு இருந்த பத்து இலக்க எண்ணில் இந்த ஓட்டை இல்லை. அது 11-ஐ வைத்துப் போட்ட கணக்கு, அதனால்தான் சில புத்தகங்களில் கடைசியில் 'எக்ஸ்' என்று ஓர் எழுத்து நிற்கும். பத்து என்ற மதிப்பை ஒற்றை இடத்தில் எழுத வேறு வழியில்லை. பழையது கொஞ்சம் கெட்டி, புதியது உலகத்துக் கடைகளோடு ஒத்துப்போகும். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

கே: சதுரங்கம் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். நன்றாக ஆடுவீர்களா?

ப: சுமார். கடிகாரம் வைத்து ஆடினால் என் கை நடுங்கும். எனக்குப் பிடித்தது ஆட்டத்தின் கடைசிக் கட்டம், அதிலும் யாரோ உட்கார்ந்து யோசித்து அமைத்த புதிர்கள். பலகையில் நான்கே காய்கள் இருக்கும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும்.

ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் அமைத்த ஒன்றைச் சொல்கிறேன், காயை எடுத்து வையுங்கள். வெள்ளை ஆடுபவர் பக்கமிருந்து பார்த்தால், கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளைக்கு முதல் நகர்வு, ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். பார்த்தவுடன் வெள்ளைக்குக் கதை முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். கறுப்புச் சிப்பாய் கீழே ஓடுகிறது, வெள்ளை ராஜா இரண்டு கட்டம் பின்தங்கியிருக்கிறார், பிடிக்க முடியாது. தன் சிப்பாயைக் காப்பாற்றலாம் என்றால் அதுவும் தூரத்தில் இருக்கிறது. கறுப்பு ராஜா அதன் பக்கத்திலேயே நிற்கிறார்.

விடை: ராஜாவை ஜி7-க்கு நகர்த்துங்கள். அடுத்து எஃப்6. அடுத்து இ5. குறுக்காக, மூலைவாட்டில் இறங்குகிறார். பலகையில் ஒரு விசித்திரம் உண்டு. எச்8-லிருந்து நேரே கீழே வந்தாலும், இப்படிக் குறுக்கே போய்த் திரும்பி வந்தாலும், கீழே சேர ஆகும் நகர்வுகள் ஒன்றுதான். அதனால் ராஜா துரத்தலில் எதையும் இழக்காமல் தன் சிப்பாயின் பக்கமும் நெருங்கிவிடுகிறார். இ5-க்கு வந்த பிறகு கறுப்பு ராஜா வெள்ளைச் சிப்பாயைத் தின்றால், வெள்ளை ராஜா எஃப்4 போய் ஓடுகிற சிப்பாயைப் பிடித்துவிடுவார். தின்னாமல் சிப்பாயை ஓட்டினால், ராஜா டி6-க்குப் போய்த் தன் சிப்பாய்க்குத் துணை நிற்பார். இருவரின் சிப்பாயும் கடைசி வரிசையை எட்டி ராணியாகும், ஆட்டம் சமன். ஒரே நடையில் இரண்டு வேலை. இதை முதலில் பார்த்த அன்று பலகையைக் கலைக்க மனம் வராமல் அப்படியே மேசையில் விட்டுவைத்தேன்.

கே: நிலா பார்க்கத் தொலைநோக்கி வாங்கலாமா? எந்த மாதிரி வாங்கலாம்?

ப: அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு பைனாகுலர் போதும். அதன் மேல் 10×50 என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்சின் விட்டம் மில்லிமீட்டரில். 10×50 நல்லது, ஆனால் கை ஆடினால் நிலாவும் பத்து மடங்கு ஆடும். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பாருங்கள்.

பௌர்ணமி அன்று பார்க்காதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். முழுநிலாவின் மேல் வெயில் நம் முதுகுப் பக்கத்திலிருந்து நேராக விழுகிறது, நிழலே இருக்காது, குழியும் மேடும் ஒரே வெள்ளையாகத் தெரியும். வளர்பிறையில் பாதிநிலா இருக்கும் மாலையைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற எல்லைக் கோட்டை ஒட்டி மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அந்த இடத்தில் சூரியன் இப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கிறது, குன்றுகளின் நிழல் நீளமாக விழுந்திருக்கும். இருட்டுப் பக்கத்துக்குள் தனியாக ஒரு புள்ளி மினுங்கினால் அது ஒரு மலையின் உச்சி. அடிவாரத்துக்கு வெயில் இன்னும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் புள்ளி பெரிதாகியிருக்கும். கலிலியோ இதைக் கவனித்துத்தான் நிலாவில் மலைகள் உண்டு என்று 1610-இல் எழுதினார். அந்த வெளிச்சப் புள்ளி எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்து மலையின் உயரத்தையும் கணக்குப் போட்டார்.

கே: படித்ததை எல்லாம் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

ப: முடிந்தால் கையால், முடியாவிட்டால் பென்சிலால். அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிகிறது என்பார்கள். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை நிலாவுக்கு நேரே பிடியுங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. விரல் நிலாவை மறைத்துவிடும். உச்சிக்கு வந்த பிறகும் அதே விரல் அதே அளவுதான் மறைக்கும். நிலா அரை டிகிரிதான் எப்போதும். பெரிதாகத் தெரிவது நம் தலைக்குள் நடக்கிற காரியம்.

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்ட பேச்சு அது. போகாமலேயே எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுவர் அகலம் பத்து மீட்டருக்குள், நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால், ஒரு தலைமுடியை நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவேய், பூமிக்கு மிகப் பக்கத்துச் சுற்றுப்பாதையிலிருந்தே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வந்து சொன்னார்.

கே: அங்கிள், எந்தத் தேதி என்ன கிழமை என்று மனதிலேயே சொல்ல முடியுமா? என் அண்ணன் நம்ப மாட்டேன் என்கிறான். (ஏழாம் வகுப்பு மாணவி)

ப: முடியும்மா. அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வை. ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12. 4/4, 6/6, 8/8, 10/10, 12/12. எந்த வருடமானாலும் இந்த ஐந்து தேதியும் ஒரே கிழமையில் வரும். காலண்டரைப் புரட்டிப் பார். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சரியாக 63 நாள், அதாவது ஒன்பது வாரம். ஏப்ரல் 4-க்குப் பிறகு அந்த மாதத்தில் 26 நாள், மே 31, ஜூனில் 6. கூட்டினால் 63. மற்றவற்றை நீயே கூட்டிக்கொள்.

2026-இல் அந்தக் கிழமை சனி. ஆகஸ்ட் 15 என்ன கிழமை என்று அண்ணன் கேட்டால், ஆகஸ்ட் 8 சனி, ஏழு நாள் கூட்டு, அதுவும் சனி என்று பட்டென்று சொல். ஒற்றைப்படை மாதங்களுக்கு 5/9, 9/5, 7/11, 11/7 ஆகிய நான்கும் அதே கிழமைதான். இதில் நாளை முதலில் எழுதினாலும் மாதத்தை முதலில் எழுதினாலும் கவலை இல்லை, இரண்டு வழியிலும் சரியாக வரும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கும் வழி இருக்கிறது. பிப்ரவரியின் கடைசி நாளும் இதே கிழமைதான். மீதியை அதிலிருந்து பிடித்துவிடலாம். ஜான் கான்வே என்ற கணித மேதை 1973-இல் இந்த முறையை வகுத்தார்.

கே: பாறையில் ஒட்டியிருக்கும் பூஞ்சையைப் பற்றி எழுதினீர்களே, அதைப் போய் யார் பார்ப்பார்கள்?

ப: லைக்கன் என்று சொல்ல வேண்டும், வெறும் பூஞ்சை என்றால் பாதிக் குடும்பத்தை விட்டுவிடுவீர்கள். அது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். 1867-இல் சிமோன் ஷ்வெண்டெனர் இதைச் சொன்னபோது, அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களில் முக்கியமானவர் வில்லியம் நைலண்டர். பாரிஸ் நகரத்துக் காற்று கெட்டுப்போன இடங்களில் லைக்கன் வளர்வதில்லை, நல்ல காற்றுள்ள பூங்காவில் வளர்கிறது என்று 1866-இலேயே கவனித்து எழுதிய கூர்மையான ஆள். இவ்வளவு கண் உள்ளவர் அந்தக் கூட்டுக் குடித்தனத்தைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. 2016-இல் டோபி ஸ்பிரிபில்லும் அவர் குழுவினரும் பல லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

யார் பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். பத்து மடங்கு காட்டும் ஒரு சின்ன லென்சை வைத்து ஒரு பழைய கல்லைப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கே: வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

ப: பலகையை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

கே: எதைப் பற்றி எழுதவே மாட்டீர்கள்?

ப: தேர்தல், சினிமா, உடம்பு இளைப்பது எப்படி. இந்த மூன்றுக்கும் ஆள் பஞ்சம் இல்லை. அப்புறம் பங்குச் சந்தை.

கே: அடுத்து என்ன வரப்போகிறது?

ப: திருகு. ஆமாம், ஸ்குரூ. 1841-க்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் திருகு இன்னொன்றின் நட்டில் ஏறாது. அந்த ஆண்டு பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, ஒப்பிட்டு, மரையின் கோணம் 55 டிகிரி இருக்கட்டும் என்றார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், 60 டிகிரி வைத்தால் வெட்டுவது சுலபம் என்றார். ஐந்தே டிகிரி. இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாடுகளும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டபோது, ஒருவரின் உதிரிபாகம் இன்னொருவரின் இயந்திரத்தில் பொருந்தாமல் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1948-இல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் உட்கார்ந்து ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. 60 டிகிரி வென்றது.

திருகுக்குப் பிறகு கப்பல் கன்டெய்னர். பெட்டியை விடுங்கள், அதன் எட்டு மூலையிலும் இருக்கும் ஓட்டை போட்ட இரும்பு வார்ப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கிரேன் பிடிப்பதும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பூட்டுவதும், லாரியில் இறுக்குவதும் எல்லாம் அந்த ஓட்டையில்தான்.

உங்களிடம் பழைய இயந்திரங்களிலிருந்து கழன்ற திருகுகள் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், மகிழ்ச்சியாகப் பார்ப்பேன். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். அளவுகோல் இல்லையென்றால் ஒரு ஏ4 தாளின் மேல் வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி எடுத்தாலும் போதும்.